கராஜ்ல கிடந்த பழைய சிபி ரேடியோ: ரிப்பேர் பண்றதா, அப்படியே விக்கிறதா?

கேள்வி: அண்ணா வணக்கம். ஹூஸ்டன் பக்கத்துல கேட்டியில இருக்கேன், ஐடி வேலை. பக்கத்து வீட்டு பெரியவர் ரொம்ப வருஷம் டிரக் ஓட்டினவர், போன வருஷம் தவறிட்டார். அவங்க வீட்டம்மா கராஜை காலி பண்றப்ப ஒரு பெட்டியை என் கையில குடுத்து "நீ எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பையன், வச்சுக்கோ, இல்ல வித்துடு"ன்னு சொன்னாங்க. உள்ள கோப்ரா 148 ஜிடிஎல் சிபி ரேடியோ (டிரக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கற செட்டு) ஒண்ணு, கை மைக் ஒண்ணு, அஸ்டாடிக்னு எழுதின ஸ்டாண்டு வச்ச பெரிய வெள்ளி கலர் மைக் ஒண்ணு, கொஞ்சம் ஒயரு, ஒரு கட்டு கார்டு. இருபது வருஷமா யாரும் தொடலையாம். கார் பேட்டரியில கனெக்ட் பண்ணி பாக்கலாமா? ரிப்பேர் பண்ணி வித்தா நல்லதா, அப்படியே விக்கலாமா, எவ்வளவு போகும்? இல்ல நாமக்கல்ல லாரி வச்சிருக்க எங்க மாமாவுக்கு கொண்டு போய் குடுக்கலாமா?

பதில்:

தம்பி, முதல்ல ஒண்ணு, கார் பேட்டரியில கொண்டு போய் மாட்டிடாதீங்க. அந்த செட்டு ரிசீவ்ல இழுக்குறது அரை ஆம்பியர் பக்கம்தான், ஆனா உள்ள எங்கயாவது ஷார்ட் இருந்தா கார் பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரை தள்ளும், நடுவுல ஃப்யூஸ் இருக்கே அது காப்பாத்தும்னு நினைப்பீங்க, டிரக்ல ஓடின செட்டுகள்ல அந்த ஃப்யூஸ் எப்பவோ ராத்திரி ரோட்டோரத்துல போயிருக்கும், கையில கிடைச்ச பெரிய ஃப்யூஸை போட்டிருப்பாங்க, இல்ல ஜிகினா பேப்பரை சுத்தி வச்சிருப்பாங்க, என் பெஞ்சுக்கு வர்றதுல இத நிறைய பாக்குறேன். பெட்டிக்குள்ள சும்மா கிடந்து செத்த செட்டு கம்மி தம்பி. வெளிய எடுத்த அன்னைக்கு ஆர்வத்துல கரண்டை குடுத்து, ஆன்டெனா இல்லாம மைக் பட்டனை அமுக்கி, சத்தம் சரியில்லன்னு உள்ள இருக்க ஸ்க்ரூவ எல்லாம் திருகி, அப்படி செத்ததுதான் அதிகம். அதனால நான் கீழ சொல்றதுல பாதி, என்ன பண்ணக்கூடாதுங்கறதுதான்.

உங்க கையில இருக்கறது என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. 148 ஜிடிஎல் சாதாரண ஏஎம் செட்டு இல்ல, ஏஎம்மோட எஸ்எஸ்பியும் (இன்னும் தூரமா பேச உதவுற இன்னொரு முறை) இருக்கு, கோப்ரா பேர்ல யூனிடென் கம்பெனி செஞ்சு குடுத்த செட்டு, இன்னைக்கும் தேடி வாங்குறவங்க இருக்காங்க. 1973 எண்ணெய் தட்டுப்பாடு வந்து, அதுக்கப்புறம் நாடு முழுக்க 55 மைல் வேகத்துக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம் வந்தப்ப, எந்த பங்க்ல டீசல் இருக்கு, எங்க போலீஸ் நிக்குதுன்னு டிரக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கத்தான் இந்த சிபி அவ்வளவு வேகமா பரவுச்சு. முதல்ல 23 சேனல்தான், 1977 ஜனவரி 1ல இருந்து 40 ஆச்சு. உங்களுது 40 சேனல் செட்டு. பழைய 23 சேனல் செட்டா இருந்தா, ஒரு சில அபூர்வ மாடலைத் தவிர, இவ்வளவு யோசிக்கவே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.

கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி மேல் மூடி, கீழ் மூடி ரெண்டையும் கழட்டிட்டு நல்ல வெளிச்சத்துல வச்சு பாருங்க. முதல்ல மூக்கை கிட்ட கொண்டு போங்க. மீன் நாத்தம் மாதிரி லேசா அடிச்சா ஏதோ ஒரு கண்டன்சர் ஒழுகியிருக்குன்னு அர்த்தம். சின்ன உருளை டப்பா மாதிரி இருக்க ஒவ்வொரு எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சரோட தலை உப்பியிருக்கா, காலடியில பழுப்பா கறை இருக்கா, பக்கத்துல செம்பு தடம் பச்சை பிடிச்சிருக்கா பாருங்க. அப்புறம் பெரிய பார்ட்ஸ் ஆடாம இருக்க அந்தக் காலத்துல ஒரு பசை ஊத்துவாங்க, புதுசுல வெளிர் மஞ்சளா இருக்கும், வருஷம் ஆக ஆக கருத்து கெட்டியாகி கரண்டை கசிய விட ஆரம்பிக்கும், கீழ இருக்க ரெசிஸ்டர் காலை அரிச்சு தின்னுடும். டெக்சாஸ் கராஜ் வெயில்ல இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எலி மூத்திரம் பட்டிருந்தா போர்டு மேல வெள்ளையா பூத்திருக்கும், அப்படி இருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் வச்சு துடைங்க, கையில கிளவுஸ் போட்டுக்கோங்க.

அப்படியே இன்னொன்னையும் தேடுங்க, யாராவது உள்ள கை வச்சிருக்காங்களான்னு. இந்த 148ல சேனலுக்கான அலைவரிசைய அமைக்கிற எம்பி8719ங்கற ஐசி இருக்க பழைய போர்டுகள்ல 40 சேனலுக்கு மேலயும் கீழயும் போற மாதிரி ஒயரை வெட்டி சுவிட்ச் போடறது அப்ப சர்வசாதாரணம், கிளாரிஃபையரை, அதாவது எஸ்எஸ்பி குரல் தெளிவா கேக்க அலைவரிசைய லேசா நகர்த்துற நாபை, பேசறப்பவும் நகர்ற மாதிரி "திறந்து" விடறதும் அப்படித்தான். பின்பக்கம் கம்பெனி போடாத சின்ன சுவிட்ச், ஓட்டை போட்ட தடம், வேற கலர்ல தொங்குற ஒயரு, காயில் மேல ஊத்தின மெழுகு உடைஞ்சு கிடக்கறது, இதெல்லாம் இருந்தா அது மாத்தின செட்டு. எஃப்சிசி (அமெரிக்காவுல ரேடியோவை கட்டுப்படுத்துற அரசு அமைப்பு) சட்டப்படி அத அப்படியே சிபியில பேச யூஸ் பண்ணக்கூடாது. விக்கிறப்ப இத மறைக்காம சொல்லணும், அத பின்னாடி சொல்றேன். எதுவும் தொடாத, மெழுகு அப்படியே இருக்க போர்டா இருந்தா தம்பி, உங்களுக்கு கிடைச்சிருக்கறது நல்ல சரக்கு, அதுல ஒரு காயிலைக்கூட திருகாதீங்க.

இப்ப கரண்ட். மல்டிமீட்டரை எடுத்து பவர் ஒயரோட பிளஸ் மைனஸ் நடுவுல ரெசிஸ்டன்ஸ் பாருங்க, ரெண்டு பக்கமும் மாத்தி வச்சு பாருங்க. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஜீரோன்னா நிறுத்திடுங்க, பெரும்பாலும் யாரோ எப்பவோ பிளஸ்ஸ மைனஸ்ல குடுத்து பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கும், அது சின்ன வேலை, சில சென்ட் விலையுள்ள டயோடு, ஆனா அத மாத்தாம கரண்ட் குடுத்தா போர்டுல தடம் கருகும். இன்னொன்னு, சிவப்பு ஒயர் பிளஸ், கருப்பு மைனஸ்னு கண்ண மூடி நம்பாதீங்க, பெட்டியில இருக்க ஒயரு இந்த செட்டோடதானான்னே தெரியாது, செட்டு பின்னாடி சாக்கெட் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு பாத்து மீட்டர்ல ஒத்துப் பாருங்க. அப்புறம் கரண்ட் லிமிட் வைக்கிற பெஞ்ச் பவர் சப்ளை ஒண்ணு கடன் வாங்குங்க, உங்க ஊர்ப்பக்கம் ஹாம் ரேடியோ கிளப் (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோ பேசறவங்க சங்கம்) இருக்கும், போய் கேட்டா சந்தோஷமா குடுப்பாங்க, சில பேர் கூடவே வந்து நின்னு பாத்துட்டும் போவாங்க. 13.8 வோல்ட், 1 ஆம்பியர் லிமிட். ஆன் பண்ணினதும் அரை ஆம்பியர் பக்கம் நின்னா நல்லது. 1 ஆம்பியர்ல போய் முட்டிட்டு நின்னா உடனே ஆஃப்.

ஆன் ஆகி லைட் எரிஞ்சு சத்தமே இல்லன்னா உடனே பயந்துடாதீங்க. இந்த வகை செட்டு பலதுல கை மைக்கை சொருகாம ரிசீவ் வராது, ரிசீவ் ஆகறதுக்கான கனெக்ஷன் மைக் பட்டன் வழியா போய்ட்டு வரும். இது தெரியாம "டெட்"னு போட்டு அடிமாட்டு விலைக்கு விக்கிறவங்க இருக்காங்க, வாங்குறவன் வீட்டுக்கு போய் மைக்கை சொருகினா செட்டு பாடுது. அதனால அந்த கை மைக்கை மாட்டுங்க, ஆனா பட்டனை அமுக்காதீங்க. அந்த பெரிய அஸ்டாடிக் மைக்கை இதுல மாட்டி பாக்க வேண்டாம், அதோட பிளக் வேற செட்டுக்காக ஒயர் பண்ணினதா இருக்கலாம், மாத்தி ஒயர் பண்ணினது மாட்டினதும் டிரான்ஸ்மிட்ல போய் நிக்கும்.

கேக்கறதுக்கு மட்டும்னா ஆன்டெனாவுக்கு பெருசா எதுவும் வேண்டாம், 2.7 மீட்டர் பக்கம் ஒயரு ஒண்ணை வெட்டி பின்னாடி இருக்க ஆன்டெனா சாக்கெட்டோட நடு ஓட்டையில சொருகி மத்த நுனிய ஜன்னல் கம்பியில கட்டி விடுங்க. ஸ்க்வெல்ச்சை, அதாவது வெறும் இரைச்சலை அடக்குற நாபை, முழுசா இடது பக்கம் திருப்பி, ஏஎம்ல வச்சு சேனல் 19 போடுங்க. கேட்டி வழியாத்தானே ஐ-10 போகுது, அதுல ஓடுற டிரக்காரங்க பேச்சு காதுல விழுந்துச்சுன்னா உங்க செட்டோட ரிசீவர் பாதிக்கு மேல உயிரோட இருக்கு. அப்புறம் எஸ்எஸ்பியோட ஒரு வகையான எல்எஸ்பியில மாத்தி சேனல் 38 போடுங்க, எஸ்எஸ்பிகாரங்க கூடுற இடம் அது, சூரியன் சுறுசுறுப்பா இருக்க காலத்துல பகல் நேரத்துல ஆயிரம் மைல் தாண்டின குரலெல்லாம் வரும், வாத்து கத்துற மாதிரி கேக்கும், கிளாரிஃபையரை மெதுவா திருப்பினா மனுஷக் குரலாகும். ஒரு குரலை பிடிச்சு வச்சுட்டு கொஞ்ச நேரம் கையை எடுத்துட்டு கேளுங்க, தானா நகர்ந்து போய்ட்டே இருந்தா உள்ள அலைவரிசைய உண்டாக்குற ஆசிலேட்டர் பக்கம் வேலை இருக்குன்னு அர்த்தம், வாங்குறவன் முதல்ல கேக்கற கேள்வியே இதுதான். வால்யூம், சேனல் நாபை திருப்புறப்ப கரகரன்னா பிரச்சனையே இல்ல, அது தூசி, எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை ஒரு துளி விட்டு செட்டை ஆஃப்ல வச்சு இருபது முப்பது தடவை திருப்புங்க. டபிள்யூடி-40 அடிக்காதீங்க, அது எண்ணெய் படலத்தை விட்டுட்டு போகும், அதுல மறுபடி தூசி ஒட்டும்.

டிரான்ஸ்மிட் டெஸ்ட்டை டம்மி லோடு (ஆன்டெனாவுக்கு பதிலா மாட்டி சக்திய சூடா வாங்கிக்கற ரெசிஸ்டர்) இல்லாம பண்ணவே கூடாது. 50 ஓம் டம்மி லோடும் ஒரு வாட் மீட்டரும் அந்த ஹாம் கிளப் ஆளுகிட்டயே இருக்கும், ஏஎம்ல பட்டனை ரெண்டு மூணு செகண்ட் அமுக்கினா 4 வாட் பக்கம் காட்டணும், எஸ்எஸ்பியில பேசினா 12 வாட் வரைக்கும் துள்ளும், சட்டப்படி அவ்வளவுதான். அப்ப கரண்ட் அதிகம் இழுக்கும், சப்ளை லிமிட்டை 3 ஆம்பியர் பக்கம் ஏத்திக்கோங்க. ஜன்னல்ல கட்டின அந்த ஒயரோட பட்டனை அமுக்கினீங்கன்னா போன சக்தி திரும்பி வந்து, ஆன்டெனாவுக்கு சக்திய அனுப்புற ஃபைனல் டிரான்சிஸ்டரை அடிக்கும். பழைய 148ல அது 2எஸ்சி1969, ஒரிஜினலா செஞ்ச மிட்சுபிஷி நிறுத்தி ரொம்ப காலமாச்சு, ஆன்லைன்ல அந்த பேர் அச்சடிச்ச போலி மூட்டை மூட்டையா வருது, பாக்க அச்சு அசல் அப்படியே இருக்கும், போட்டா பாதி பவர்தான் வரும், இல்ல முதல் தடவையே போயிடும். நல்லா இருக்க ஒரிஜினல் ஃபைனலை ஒரு நிமிஷ ஆசையில தொலைச்சுடாதீங்க.

ரிப்பேர் பண்ணலாமான்னு கேட்டீங்க. நீங்க வச்சு பேசப் போறீங்கன்னா பண்ணுங்க, விக்கத்தான் போறீங்கன்னா பண்ணாதீங்க, இது என் அபிப்பிராயம், எல்லா மெக்கானிக்கும் ஒத்துக்க மாட்டாங்க. காரணம் சொல்றேன். எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் எல்லாத்தையும் மாத்தறதுக்கு பார்ட்ஸ் செலவு பெருசில்ல, 105 டிகிரி ரேட்டிங்ல நிச்சிகான், பானாசோனிக் மாதிரி நல்லதா வாங்கலாம், ஆனா அந்த வயசு போர்டுல ஈயத்தை உறிஞ்சி எடுக்கறப்ப சூடு கொஞ்சம் கூடினாலும் செம்பு தடம் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும், ஒரே ஒரு கண்டன்சரை பிளஸ் மைனஸ் மாத்தி வச்சாலும் போச்சு, பழக்கமில்லாத கையில அத்தனை கண்டன்சரும் தப்பில்லாம முடியறது கஷ்டம். கடையில குடுத்தா லேபர் மணிக்கணக்குல, விக்கிற விலையில பெரும்பகுதி அங்கயே போயிடும். வாங்குறவனும் யார் வேலை செஞ்சாங்கன்னு தெரியாத போர்டை விட, தொடாத போர்டைத்தான் நம்புவான். நீங்களே வச்சுக்கறதா இருந்தா பவர் லைன் ஃபில்டர் கண்டன்சரையும் ஆடியோ பக்கத்து கண்டன்சரையும் முதல்ல மாத்தி பாருங்க, சேம்ஸ் ஃபோட்டோஃபேக்ட்னு சர்க்யூட் படத்தோட வந்த பழைய சர்வீஸ் மேனுவல் சீரிஸ் இருக்கு, உங்க மாடலுக்கு ஒண்ணு கிடைச்சா வேலை பாதியா குறையும். அலைன்மென்ட் மட்டும், அதாவது காயிலைத் திருகற வேலை, சிக்னல் ஜெனரேட்டர், ஃப்ரீக்வென்சி கவுண்டர் வச்சிருக்க ஆளு தவிர யாரும் தொடக்கூடாது.

அந்த வெள்ளி கலர் மைக் அநேகமா டி-104, தலை வட்டமா லாலிபாப் மாதிரி இருக்கும். 1930கள்ல ஆரம்பிச்சு 2001 வரைக்கும் செஞ்ச மைக் அது, அதுக்குன்னே தனி ரசிகர் கூட்டம் இருக்கு. உள்ள இருக்கறது ரோஷெல் உப்பு கிரிஸ்டல், வெயிலும் ஈரமும் அதுக்கு ஆகாது, டெக்சாஸ் கராஜ்ல இத்தனை கோடை கிடந்ததுன்னா கிரிஸ்டல் போயிருக்க வாய்ப்பு அதிகம். பரவாயில்ல, வாங்குறவங்க அந்த உடம்புக்காகத்தான் வாங்குறாங்க. ஸ்டாண்டோட அடித்தட்டை மட்டும் உடனே கழட்டிப் பாருங்க, ஆம்ப்ளிஃபையர் வச்ச ஸ்டாண்டா இருந்தா உள்ள 9 வோல்ட் பேட்டரி இருக்கும், இருபது வருஷத்துல அது ஒழுகி வெள்ளை பொடியா படிஞ்சிருக்கும், பஞ்சுல கொஞ்சம் வெள்ளை வினிகர் தொட்டு துடைச்சு, அப்புறம் ஆல்கஹால்ல துடைச்சு காய விடுங்க. குரோம் மேல பாலிஷ் போட்டு தேய்க்க வேண்டாம். இத செட்டோட சேத்து விக்காதீங்க, தனித்தனியா வித்தா மொத்தத்துல அதிகமா வரும்.

விலை எவ்வளவுன்னு நான் இங்க இருந்து ஒரு நம்பர் சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும். ஈபேல இப்ப போட்டிருக்க விலைய பாக்காதீங்க, அது விக்கிறவங்க ஆசை, ஃபில்டர்ல "வித்து முடிஞ்சது" மட்டும் தேர்ந்தெடுத்து உங்க மாடலை பாருங்க, டெஸ்ட் பண்ணினதுக்கும் பண்ணாததுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு உங்களுக்கே தெரியும். எழுதறப்ப பாத்ததை மட்டும் எழுதுங்க: 13.8 வோல்ட்ல ஆன் ஆகுது, சேனல் 19ல ஏஎம் கேட்டேன், 38ல எல்எஸ்பி கேட்டேன், டம்மி லோடுல இத்தனை வாட் வந்துச்சு, இல்ல டிரான்ஸ்மிட் டெஸ்ட் பண்ணல. உள் போர்டு படம் ரெண்டு பக்கமும் போடுங்க, தெரிஞ்ச ஆளு அந்த படத்தை பாத்துத்தான் விலை வைப்பான். மாத்தின செட்டுன்னா மாத்தினதுன்னு முதல் வரியிலயே போடுங்க. செட்டு மாட்டுற பிராக்கெட், மேனுவல், அட்டைப்பெட்டி எது இருந்தாலும் தூக்கி போட்டுடாதீங்க. நேர்ல விக்கணும்னா ஹாம்ஃபெஸ்ட்னு சனிக்கிழமை சந்தை மாதிரி நடக்கும், டெக்சாஸ்ல வருஷத்துக்கு பல இடத்துல உண்டு, அங்க வாங்குறவனே திறந்து பாத்துட்டு வாங்குவான், பின்னாடி திருப்பி அனுப்புற தகராறு இல்ல. அனுப்புறதா இருந்தா மைக்கை கழட்டி தனியா சுத்தி, பெட்டிக்குள்ள பெட்டி வச்சு அனுப்புங்க. பெட்டியில இன்னொரு தனி பெட்டி மாதிரி பவர் ஆம்ப்ளிஃபையர் ஏதாவது இருந்தா அத விக்கிற வேலையே வேண்டாம், சிபியில ஆம்ப்ளிஃபையர் வைக்கிறது சட்டவிரோதம்.

கார்டு கட்டைப் பத்தி நீங்க ஒரு வரிதான் எழுதியிருந்தீங்க, எனக்கு அதுதான் முக்கியமா பட்டுச்சு. அது அநேகமா க்யூஎஸ்எல் கார்டு, தூரத்துல இருக்கவங்க "உன் குரல் எனக்கு இன்ன தேதி, இன்ன சேனல்ல கேட்டுச்சு"ன்னு தபால்ல அனுப்பி வச்சுக்கறது. சிபிக்கு லைசென்ஸ் வேணும்ங்கறத எஃப்சிசி 1983ல எடுத்துட்டாங்க, அதுக்கு முன்னாடி கார்டுன்னா லைசென்ஸோட வர்ற அடையாளப் பேரான கால் சைன் கூட அச்சடிச்சிருக்கும். அதுல சிலதுல அந்த பெரியவரோட கையெழுத்தும், அவர் ரோட்ல வச்சுக்கிட்ட பட்டப்பேரும் இருக்கலாம். அந்தம்மா பெட்டியை திறந்து பாக்காமலே குடுத்திருக்கலாம். விக்கறதுக்கு முன்னாடி கார்டை எடுத்துட்டு போய் அவங்ககிட்ட காமிங்க, வேணும்னா வச்சுக்கட்டும், பிள்ளைங்களுக்கு குடுக்கட்டும். செட்டு ஓடுதுன்னா அவங்கள கூட்டி வச்சு ஒரு தடவை சேனல் 19 கேக்க வைங்க. காசு விஷயமும் வெளிப்படையா பேசிடுங்க, அவங்க "வச்சுக்கோ"ன்னு சொன்னப்ப இதுக்கு விலை இருக்குன்னு அவங்களுக்கு தெரியுமான்னு தெரியாது, இவ்வளவு போகுதாம், என்ன பண்ணட்டும்னு கேட்டுட்டு வித்தா உங்களுக்கும் மனசுல உறுத்தல் இருக்காது. வேண்டாம்னு சொல்லிட்டாங்க, கார்டையும் விக்கறீங்கன்னா, அட்ரஸ் தெரியற பக்கத்தை படம் எடுத்து போடாதீங்க.

கடைசியா நாமக்கல் மாமா. ஆசை நல்ல ஆசைதான், ஆனா கொண்டு போகாதீங்க. இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம சிபிக்கு விட்டிருக்கறது 26.957ல இருந்து 27.283 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், 5 வாட்டுக்குள்ள. உங்க செட்டோட சேனல் 27 நிக்கிறது 27.275ல, 28ல இருந்து 40 வரைக்கும் அந்த எல்லைக்கு வெளிய போயிடுது, எஸ்எஸ்பியில 12 வாட் வேற. வயர்லெஸ் செட்டுக்கு இந்திய அரசோட வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசி அப்ரூவலும் வேணும், பெட்டியில வச்சு எடுத்துட்டு போனா சென்னை ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல அதுக்கு பதில் சொல்லிட்டு நிக்கணும். எல்லாம் தாண்டி லாரியில மாட்டினாலும் பதில் பேச எதிர் லாரியில இன்னொரு செட்டு வேணுமே, அங்க டிரைவர் எல்லாரும் செல்போன்லதானே பேசிக்கறாங்க. மாமா ரேடியோ பிரியர்னா இங்க நீங்க சேனல் 19 கேக்கறப்ப வீடியோ கால் போட்டு ஐ-10 டிரக்காரங்க பேச்சை கேக்க விடுங்க. உள் போர்டு படம் எடுத்தீங்கன்னா எனக்கும் அனுப்புங்க, மெழுகு தொடாம இருக்கா, பசை கருத்திருக்கான்னு பாத்து சொல்றேன், அதுவரைக்கும் கரண்ட் குடுக்க வேண்டாம்.